படகின் வால்

17 மார்ச் 2025, திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. மேலே "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த மாதத்து வெள்ளிக்கிழமை என்பது இல்லை. தபால் முத்திரையை வைத்து இம்மாதம் 14ஆம் தேதி என்று முடிவு செய்து, ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். தவறென்றால் தெரிவிக்கவும்.

தொலைபேசியில் பலமுறை அழைத்தும் நான் பேசவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். துறைமுகத்தில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த காது என்னுடையது. நேரில் பேசினால் உதட்டைப் பார்த்து ஒருவாறு சமாளித்துவிடுவேன். தொலைபேசியில் உதடு இல்லை. கேட்காததைக் கேட்டது போல் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிவைக்கவும் எனக்கு வராது. ஆகவே கடிதமே நல்லது.

நீ கேட்டிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓடும் படகின் பின்னால் தண்ணீர்மேல் போகும் விளையாட்டை நீ அங்கே ஏரியில் கற்றுத்தருகிறாய். அதற்கு இதுவரை ஓட்டிவந்த படகை அதன் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மே மாதம் 1ஆம் தேதி உன் சொந்தப் படகு தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உனக்கென்று ஒதுக்கிய கரையை ஏரி நிர்வாகம் வாத்துப் படகுக்காரருக்குக் கொடுத்துவிடும். உன் கைக்கு எட்டும் விலையில் ஒரே ஒரு சிறிய படகுதான் இருக்கிறது. அதுவும் எங்கள் ஊர் விற்பனையாளரிடம். உனக்குக் கணுக்காலில் கட்டு, பயணம் கூடாது. என் மகனோ சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே நான் போய் அந்தப் படகை ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போகிறேன். விற்பனையாளரிடம் 27ஆம் தேதி வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தாயிற்று.

துறைமுகப் படகோட்டியாக நான் பணி ஓய்வு பெற்றது 31 ஜூலை 2014, வியாழக்கிழமை. அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் படகோட்டும் உரிமத்தை ஒருமுறைகூடத் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறேன். "எதுக்கு இது? பாத்ரூம் வாளியில ஓட்டவா?" என்று உன் அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பாள். அதற்குப் பதில் இப்போது இருக்கிறது. என்னைக் கேட்டதற்கு நன்றி. இதைத்தான் முதல் வரியாக எழுத நினைத்தேன். தேதி விஷயம் முந்திக்கொண்டது.

இப்படிக்கு,
மாமா

---

புதன்கிழமை (19ஆம் தேதின்னு நினைக்கிறேன், காலண்டர் அடுத்த ரூம்ல இருக்கு, எந்திரிக்க முடியல)

அன்புள்ள மாமா,

அந்த வெள்ளிக்கிழமை 14தான். பென்சில் எழுத்தைப் பேனாவுல எழுதிக்கலாம்.

நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். கல்யாணமான புதுசுல, நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்ககிட்ட விளக்கினப்போ, முழுசா கேட்டுட்டு, "சரிம்மா, இது முடிஞ்சதும் என்ன செய்யறதா உத்தேசம்?"னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அதிலிருந்து இந்த விஷயத்தை உங்ககிட்ட எடுக்கவே கூச்சம். இப்போ வேற வழி இல்லாமத்தான் கேட்டேன். ஆனா நீங்க சரின்னதும் கட்டுப் போட்ட காலோட கட்டில்ல உக்காந்தே ஒரு குதி குதிச்சேன். வலிச்சது. பரவாயில்ல.

இன்ஜின், ஸ்டீயரிங் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா? எனக்கு வேணும்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு, பின்னாடி கயித்துல வர்ற ஆள் விழுந்துட்டா சட்டுனு திருப்பிக்கிட்டு அவங்ககிட்ட போக முடியணும். ரெண்டாவதுதான் முக்கியம். பின்னாடி அலை எப்படி வருதுன்னு நல்லா பாருங்க மாமா. மத்தது எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்கலாம். அலை சரியில்லன்னா அந்தப் படகே எனக்கு வேண்டாம்.

உங்களுக்குப் புடிச்சா சரின்னுடுங்க, புடிக்கலைன்னா வேண்டாம்னு அங்கேயே சொல்லிடுங்க. ரெண்டு பேரும் எழுதிக்கிட்டு இருந்தா மே மாசம் வந்துடும். முடிவு உங்களுது.

அத்தைக்கு என் அன்பு. நீங்க ஸ்டீயரிங் புடிக்கிறப்போ அவங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு மறக்காம எழுதுங்க.

உங்க மருமகள்

---

29 மார்ச் 2025, சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று முன்தினம், 27ஆம் தேதி வியாழக்கிழமை, ஊருக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கத்தில் படகை ஓட்டிப் பார்த்தேன். விவரம் வருமாறு. இதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

விற்பனையாளர் இளைஞர், குளிர்கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் போட்டிருந்தார். மரியாதையான பையன். உன் அத்தை காற்று வாங்க வருவதாகச் சொல்லிப் பிளாஸ்க்கில் காபியோடு வந்து, கரையில் பலகைத் துறையின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தை எழுதச் சொல்லியிருந்தாய். நான் ஏறி உட்கார்ந்ததும் அவள் சிரிக்கவில்லை. கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு, வெயில் கண்ணில் படுவது போலப் பார்த்தாள். வெயில் அவள் முதுகுப் பக்கம் இருந்தது.

நல்லவற்றை முதலில் சொல்கிறேன். படகு சிறியது, சாதாரணக் காரே டிரெய்லரில் இழுத்துப்போகும். மெத்தைகள் எளியவை, பாட்டுப் பெட்டி கிடையாது, பூ வேலைப்பாடு எதுவும் இல்லை. குறைந்த விலைக்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது. உனக்கு இதனால் இழப்பில்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தும் ஒரே திருகில் எழுந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்காது. உள்ளங்கையை மூடிமேல் வைத்துப் பார்த்தேன். சீரான நாடி. அடித்தட்டு துடைத்த பாத்திரம் போல இருக்கிறது. குழாய், கவ்வி எதிலும் கசிவில்லை. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இல்லை.

நீ கேட்ட முதல் விஷயம். விழுந்த ஆளிடம் திரும்பிப் போவதைச் சோதிக்க என் பழைய துறைமுகத் தொப்பியைத் தண்ணீரில் எறிந்தேன். விற்பனையாளர் பதறிப்போனார். நான் படகைத் திருப்பி, தொப்பி நனைந்து கனப்பதற்குள் கையை நீட்டி எடுத்துவிட்டேன். அவர் கைதட்டினார். இவ்வளவு சொன்னபடி கேட்கும் படகை என் பணிக்காலத்திலேயே நான் ஓட்டியதில்லை என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி இரண்டாவது விஷயம். எழுதவே கை வரவில்லை.

எங்கள் துறைமுகத்தில் படகின் பின்னால் விரிந்து வரும் அலைக்கு வால் என்று பெயர். கட்டிவைத்த தோணிகளுக்கு நடுவே போகும்போது வாலைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். வால் காட்டுகிறவன் படகோட்டியே அல்ல. என் வழக்கம், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை முன்னால் வைத்துக்கொள்வது. பணி முடிந்து இறங்கும்போது அதைக் குடித்துவிட்டுத்தான் இறங்குவேன். ஒரு சொட்டும் சிந்தியிருக்காது. அங்கே என்னைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை, பூனை என்பார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

அதே டம்ளரை வியாழக்கிழமையும் கொண்டுபோயிருந்தேன். வேகம் எடுத்த உடனே டம்ளர் என் மடியில் கவிழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா, அது வால் அல்ல. யாரோ இரண்டு பக்கமும் வரப்பு வெட்டிக்கொண்டே வருவது போல, தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு எழுந்து வருகிறது. பின்பாகம் அப்படியே அமிழ்ந்து கிடக்கிறது. ஏன் என்று தேடினேன். இருக்கைகளுக்கு அடியில் பெரிய பெரிய பைகள். அவை நிறையத் தண்ணீர்! அந்தப் பையன் ஒரு பொத்தானை அழுத்தி, ஏரித் தண்ணீரைப் பம்பு வைத்து உள்ளே இறைத்துக்கொண்டிருந்தார். படகிலிருந்து தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பை அறிவேன். உள்ளே இறைக்கும் பம்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

பைகள் நிறைய நிறைய வால் பெருத்தது. அவர் என்னமோ உற்சாகமாகக் கத்தினார். காற்றில் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தால் "அலைக்காகத்தான் சார்" என்பது போலிருந்தது. அலைக்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, தோளில் தட்டிக்கொடுத்தேன். அவர் கட்டிய படகா அது, பாவம்.

அலை சரியில்லையென்றால் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தாய். ஆகவே, நீ எனக்குக் கொடுத்த உரிமையின்படி, அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு முறை கேட்டார்: "நெஜமாவே வேண்டாமா சார்?" இரண்டு முறையும் வேண்டாம் என்றேன்.

உனக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று தெரியும். வேறு படகு எங்கே கிடைக்கும் என்று 31ஆம் தேதி திங்கட்கிழமை முதல் விசாரிக்கத் தொடங்குகிறேன். இருந்தும், ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலை வேளைக்காக உனக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், கைகளில் ஸ்டீயரிங்கின் ரப்பர் வாடை இருந்தது. இரவு சாப்பாட்டுக்கு முன்பு வரை கழுவவில்லை.

இப்படிக்கு,
மாமா

---

2 ஏப்ரல் 2025, புதன்கிழமை

மாமா,

தேதி போட்டாச்சு, கிழமை போட்டாச்சு, வருஷமும் போட்டாச்சு. இப்போ தயவுசெஞ்சு உக்காந்து படிங்க.

அந்த வால்தான் மாமா எனக்கு வேணும்!!

அந்த விளையாட்டே அந்த வால்தான். ரெண்டு பக்கமும் மேடு மாதிரி தண்ணி எழும்பணும். கயித்தைப் புடிச்சுக்கிட்டு வர்றவங்க அந்த மேட்டுல ஏறித்தான் மேலே பறப்பாங்க. வால் இல்லாத படகு எனக்கு எதுக்கு? குளத்துல தெப்பம் விடவா? அந்தப் பைங்க தப்பு இல்ல மாமா, அதுங்களை வேணும்னேதான் வெச்சிருக்காங்க! பின்பக்கம் அமுங்கினாத்தான் அலை எழும்பும். பெரிய பணக்காரப் படகுங்கள்லதான் இதெல்லாம் இருக்கும். இந்தச் சின்னப் படகுல இருக்குமோ இருக்காதோன்னுதான் உங்களை அலையைப் பாருங்கன்னு சொன்னேன். இடுப்பு உயரம்னு எழுதியிருக்கீங்க. இடுப்பு உயரம்! எனக்கு அழுகை வந்துடுச்சு.

உங்க கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். நீங்க குறைன்னு எழுதின ஒவ்வொரு வரியும் எனக்கு வரம் மாதிரி இருக்கு. அந்தப் பையன் தோளைத் தட்டிக்கொடுத்தீங்களாமே, அந்த இடத்துல சிரிச்சேன். அடுத்த வரியில "வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்"னு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு.

ஓடுங்க மாமா. இந்தக் கடிதத்தை மடிச்சு வைக்காதீங்க, கையிலயே வெச்சுக்கிட்டு ஓடுங்க.

மருமகள்

---

5 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் நேற்று, 4ஆம் தேதி, மாலை தபாலில் வந்தது. உன் அத்தை படித்துவிட்டு, "முப்பது வருஷமா தண்ணிய எழுப்பாத மனுஷன்கிட்ட போய் அலையப் பாருன்னு சொன்னா, வேற எதைப் பாப்பாரு?" என்று உன்மேல் பழியைப் போட்டாள். அது நியாயமல்ல. நீ எழுதியது சரி. நான் படித்ததும் சரி. வார்த்தைதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறது.

இன்று கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். படகு இருக்கிறது. ஆனால் 1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர் ஆற்றங்கரையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். 8ஆம் தேதி ஓட்டிப் பார்க்க வருகிறார். பிடித்தால் அன்றே எடுத்துப் போவார். அவர் வேண்டாமென்றால் மட்டுமே உனக்கு.

அவருக்குப் படகை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றார் விற்பனையாளர். "நீங்க வாங்க சார், அந்தத் தொப்பி வித்தையக் காட்டுங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படகில் இல்லாத குறையைச் சொல்லி ஒருவரை விரட்டுவது என்னால் ஆகாது. அவருக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் சொல்வேன். நல்லதையும் சொல்வேன். ஆகவே பெரிதாக நம்பிக்கை வைத்துக்கொள்ளாதே. இதை எழுத எவ்வளவு கஷ்டமாயிருக்கிறது என்பது, இந்தத் தாளில் உள்ள அடித்தல் திருத்தல்களைப் பார்த்தாலே தெரியும். நான் அடித்து எழுதுகிறவன் அல்ல.

மாமா

---

6 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள மாமா,

உங்ககிட்டேருந்து இன்னும் பதில் வரல, ஞாயித்துக்கிழமை தபாலும் கிடையாது. ஆனா புதன்கிழமை நான் எழுதினது நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருக்கு. அப்பாகிட்டகூட அப்படிக் கத்தினது இல்ல. ஓடுங்க ஓடுங்கன்னு எழுதியிருக்கேன், உங்க வயசுல. நெஜமாவே ஓடியிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

படகு போயிருந்தா போகட்டும் மாமா. வாத்துப் படகுக்காரர் நேத்து இங்க வந்து என் கரையை நடந்து பாத்தார். "இங்க ஒரு எட்டு வாத்து நிக்கும், இல்லம்மா?"ன்னு என்கிட்டயே கேட்டார். நல்ல மனுஷன்தான், நான் போயிடுவேன்னு முடிவே பண்ணிட்டார் போல. நானும் நேத்து ராத்திரி அதே முடிவுக்குத்தான் வந்தேன். நீச்சல் குளத்துல ஒரு வேலை இருக்கு, போயிடலாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். உங்களை ஏன் கேட்டேன் தெரியுமா? உங்க ஊருல எனக்கு ரெண்டு சிநேகிதிங்க இருக்காங்க, அவங்களும் படகு ஓட்டுவாங்க. அவங்களைக் கேட்டிருக்கலாம். என் வேலையைப் பத்தி நீங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லதான். ஆனா நாங்க உங்க வீட்டுக்கு வந்துட்டுக் கிளம்புற ஒவ்வொரு தடவையும், எல்லாரும் வாசல்ல நின்னு கையாட்டிக்கிட்டு இருப்பாங்க. நீங்க மட்டும் குனிஞ்சு, காரோட டயரை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. உங்க பையன் "ஆரம்பிச்சுட்டாரு"ம்பார். எனக்கு அது ரொம்பப் புடிக்கும். நான் ஏறிப் போகப்போற ஒரு பொருளை யார் பாக்கணும்னு யோசிச்சப்போ, வேற முகமே வரல.

அதனால வருத்தப்படாதீங்க. நீங்க தப்பா பாக்கல. வேற ஒரு விஷயத்துக்காக ரொம்ப நல்லா பாத்தீங்க.

மருமகள்

---

9 ஏப்ரல் 2025, புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை எழுதியது நேற்று, 8ஆம் தேதி, நாங்கள் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தது. படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதைப் பற்றிப் பிறகு.

விடுதிக்காரர் கனத்த உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். பண்பானவர், அதுவே எனக்குச் சங்கடமாயிருந்தது. முரடராக இருந்திருக்கலாம். ஏறுவதற்கு முன் என் 29ஆம் தேதிக் கடிதத்தின் நகலில், படகைப் பற்றிய பகுதியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பொறுமையாகப் படித்தார். பிறகு ஓட்டிக் காட்டினேன். தொப்பியை எறிந்து எடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "எனக்குப் புடிச்சிருக்கு சார். நீங்க எழுதின அளவுக்கு அலை ஒண்ணும் பயமா இல்லையே, ஜாலியாத்தான் இருக்கு" என்றார். படகின் உள்ளே இருப்பவருக்கு வால் எப்போதும் ஜாலிதான்.

"இந்தப் படகு உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டேன். விருந்தினர்களை ஆற்றில் ஒரு சுற்று அழைத்துப்போய் வருவதற்காம். "கரையில் இருப்பவர்கள்?" என்றேன். தண்ணீர் ஓரமாக நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்களாம், பெரும்பாலும் வயதானவர்கள். "அப்படியானால் கரையிலிருந்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி, அவரைப் பலகைத் துறையில் உன் அத்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். பைகள் நிறைந்திருந்தன. விற்பனையாளர் அவற்றை நிரப்பித்தான் காட்டுவார். நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கரையை ஒட்டி ஒரே ஒரு ஓட்டு ஓட்டினேன்.

திரும்பிப் பார்க்கும்போது, வால் துறையை அடைந்துகொண்டிருந்தது. உன் அத்தை காலைத் தூக்கினாள், நேரம் போதவில்லை. பிளாஸ்க் போயிற்று, பை போயிற்று, முழங்கால் வரை நனைந்துவிட்டாள். விடுதிக்காரரும் நனைந்தார். நான் படகைக் கட்டிவிட்டு ஏறி வருவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்: "ஊர்ல இருக்குற தோணிக்கெல்லாம் பூனை! கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் புலியா?"

விடுதிக்காரர் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். "எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் இந்த அம்மா வயசுதான் சார். முதல் நாளே என்னை ஆத்துல தூக்கிப் போட்டுடுவாங்க."

அப்போது நான் ஒன்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், கேட்க யாரும் இல்லை. "பைகளைக் காலி செய்துவிட்டால் வால் வெகுவாகச் சிறுத்துவிடும். காலியாக ஓட்டினால் உங்களுக்குத் தொல்லை இராது" என்றேன். அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் நாக்கு நடுவில் ஒருமுறை நின்றது. உன் முகம் நினைவுக்கு வந்தது. எட்டு வாத்துகளும் வந்தன. இருந்தும் முடித்தேன்.

அவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலியா வெச்சுக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் எதுக்கு சார் இதை வாங்கணும்? இந்த அலை யாருக்கு வேணுமோ அவங்க வாங்கட்டும்" என்றார்.

"அவளை எனக்குத் தெரியும்" என்றேன்.

படகு உன்னுடையது. 26ஆம் தேதி சனிக்கிழமை டிரெய்லரில் ஏற்றி, நானும் உடன் வருகிறேன். வழியில் டயர்களை யார் பார்ப்பது? உன் அத்தையும் வருகிறாள். அவளுக்கு இப்போது கோபம் என்மேல் இல்லை, "என் வயசு என்னன்னு அவருக்கு யாரு சொன்னது?" என்று விடுதிக்காரர்மேல் திரும்பியிருக்கிறது.

உன் கடிதத்தைப் பற்றி: அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று ஓட்டினேன். ஒரு மூலை நனைந்திருக்கிறது. காயவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா

---

6 மே 2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமா,

நீங்களும் அத்தையும் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினதிலிருந்து வீடே ஒரு மாதிரி இருக்கு. எந்தக் குழாயும் சொட்டல, எந்தக் கதவும் கிறீச்சிடல. எல்லாத்தையும் சரி பண்ணிட்டுப் போயிட்டீங்க.

ஒண்ணாம் தேதி நடந்ததை நான் உங்களுக்கு எழுதியே ஆகணும், ஏன்னா நீங்க முன்னாடி பாத்துக்கிட்டு ஓட்டினீங்க, முக்கியமானது எல்லாம் உங்க முதுகுக்குப் பின்னாடி நடந்துச்சு.

ஏரி அதிகாரி கரையில நின்னுக்கிட்டு இருந்தார். வாத்துப் படகுக்காரர் அவருக்குப் பக்கத்துல. கால் கட்டு அவிழ்த்தப்புறம் நான் தண்ணியில இறங்குறது அதுதான் முதல் தடவை. நீங்க என்னை இழுத்தீங்க பாருங்க, ஒரு குழந்தையைத் தொட்டில்லேருந்து தூக்குற மாதிரி. எப்போ எழுந்து நின்னேன்னே தெரியல. அவ்வளவு மெதுவா யாரும் என்னைத் தண்ணியிலேருந்து எடுத்ததில்ல. ஆனா எழுந்தாச்சே, அப்புறமும் அதே பூனை வேகம்! வால் எங்க? ஒண்ணும் இல்ல, கண்ணாடி மாதிரி தண்ணி.

நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். எங்க விளையாட்டுல அதுக்கு "வேகமா போங்க"ன்னு அர்த்தம். நீங்க படகுல பின்னாடி பாக்குற கண்ணாடியில பாத்துட்டு, ரொம்ப சந்தோஷமா, உங்க கட்டை விரலையும் தூக்கிக் காட்டினீங்க. அதே வேகம். நான் மறுபடி தூக்கினேன். நீங்க இன்னும் சந்தோஷமா மறுபடி தூக்கினீங்க. கரையில இருந்தவங்க எல்லாம் நம்ம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிறோம்னு கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கத்திப் பாத்தேன், உங்களுக்குக் கேக்காது. அப்போதான் தோணுச்சு. ஒரு கையால கயித்தைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை இடுப்புக்குப் பின்னாடி வெச்சு வால் மாதிரி ஆட்டினேன்.

மாமா, நீங்க சிரிச்சதை நான் கண்ணாடியில பாத்தேன். அடுத்த நொடி படகு எழுந்துச்சு.

அந்த அலையை நான் என்னன்னு சொல்ல. ஏறினேன், பறந்தேன், விழல. வாத்துப் படகுங்க எல்லாம் கட்டின இடத்துலேயே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு ஆடுச்சுங்க. வாத்துப் படகுக்காரர் தன்னோட சாயாவை முழுசா சட்டையில ஊத்திக்கிட்டு, "ஏரியில இந்தப் பக்கம் உங்களுக்குத்தாம்மா, நான் அந்தக் கோடிக்கே போயிடறேன்"னார். அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

இப்போ என் பசங்க எல்லாரும் அந்த சைகையைத்தான் பண்றாங்க. கட்டை விரலை யாரும் தூக்குறதில்ல. வேகம் வேணும்னா வாலை ஆட்டணும். படகுக்கும் பக்கவாட்டுல பெரிய எழுத்துல வால்னே எழுதியாச்சு. உங்க பையன் கப்பல்லேருந்து போன் பண்ணினப்போ சொன்னேன். "எங்க அப்பா ஓட்டுன படகுக்கு வாலுன்னு பேரா? சின்ன வயசுல என்னை அப்படிக் கூப்பிட்டுத்தான் திட்டுவாரு"ன்னு ஆச்சரியப்பட்டார்.

உங்க டம்ளர் படகுலேயே முன்னாடி இருக்கு. மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்க. பார்சல்ல அனுப்பட்டுமா?

ரொம்ப நன்றி மாமா. வேற வார்த்தை தேடிப் பாத்தேன், கிடைக்கல.

உங்க மருமகள்

---

10 மே 2025, சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மேலே உள்ள தேதி சரியானதுதான்; ஆனால் நானாக எழுதியதல்ல. எழுத உட்கார்ந்தபோது இன்று என்ன தேதி என்று தெரியவில்லை. உன் அத்தையிடம் கேட்டேன். அவள் அருகில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. உன் ஏரியிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம், எனக்கே கவலையில்லை.

நீ நன்றி எழுதியிருக்கிறாய். இடம் மாறி வந்துவிட்டது. அது நான் எழுத வேண்டியது.

துறைமுகத்தில் நான் ஓட்டிய படகுகளில் பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. தேவையும் இல்லை. பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான் என் வேலையே. நான் போன தடம் தெரியாமல் தண்ணீர் மூடிக்கொள்ள வேண்டும், மூடிக்கொண்டது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் 1ஆம் தேதி வியாழக்கிழமை, உன் படகின் கண்ணாடியில், நான் எழுப்பிய அலைமேல் ஒருத்தி ஏறி நின்று சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் இத்தனை நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் நான் கேட்டதாக ஒரு கேள்வியை நினைவுபடுத்தியிருந்தாய்: இது முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம் என்று. இப்போது அதையே நீ என்னைத் திருப்பிக் கேட்கலாம். பதில் தயாராக வைத்திருக்கிறேன். உன் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாளாவது மாற்று ஓட்டுநர் தேவைப்படும். உரிமம் நடப்பில் இருக்கிறது. நேற்று உன் அத்தை அதைத் தானே எடுத்து, என் பயணப் பையில் வைத்துவிட்டாள்.

கட்டை விரல் விஷயம் வருந்தத்தக்கது. நீ என்னைப் பாராட்டுகிறாய் என்றே கடைசி வரை நினைத்தேன். அதை அப்படியே நினைத்துக்கொள்ள அனுமதிக்கவும்.

டம்ளரை அனுப்ப வேண்டாம். நான் மறந்து வைக்கவில்லை. அங்கேயே முன்னால் இருக்கட்டும். தண்ணீர் மட்டும் ஊற்றிவைக்காதே, சிந்திவிடும்.

இப்படிக்கு,
மாமா